முளைப்பாரியும் தவறணையும்: நாற்றின் வளர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிற்றூர் ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. றப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு ஏற்றிச்சென்ற அப்பாதையின் இப்பகுதி 1970களில் மூடப்பட்டது. அது வளர்த்த தோட்டங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் உழைத்தோரின் வழித்தோன்றல்களும் உள்ளனர். சப்பிரகமுவைத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்காகவும் ஒப்பந்தங்களின் நிரலாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கன்று எவ்வாறு வளர்கிறது என்னும் அறிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வறிவில் தோட்டத் தொழிலாளருக்குரிய இடம் யாது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினாவாகும்.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் மாரியம்மன் வழிபாட்டையும் தம்முடன் கொணர்ந்தனர். அவ்வழிபாட்டின் ஓர் அங்கம் முளைப்பாரி. சட்டிகளில் மண்ணும் எருவும் இட்டு, நவதானியங்களை விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்துப் பெண்கள் நீர் தெளித்து வளர்ப்பர். சில நாட்களில் முளைகள் மெலிந்து நெடிதுயர்ந்து, வெளிர்மஞ்சள் நிறத்துடன் எழும். அதே தானியம் வெயிலில் முளைப்பின் குட்டையாகவும் பசுமையாகவும் நிற்கும். இவ்வேறுபாட்டை அறிந்தே அப்பெண்கள் அறையை அடைத்து வைக்கின்றனர். தாவரவியலார் வெளிறல் எனக் குறிப்பிடும் நிகழ்வு இதுவேயாகும்.

இருளில் முளை ஏன் நெடிது வளர்கிறது? மண்ணுள் புதையுண்ட விதையிடம் உள்ள உணவு அளவானது. அது தீருமுன் முளை ஒளியை அடைந்தாக வேண்டும். எனவே இலையையும் பச்சையத்தையும் பெருக்காது, தண்டை நீட்டுவதிலேயே அவ்வுணவைச் செலவிடுகிறது. ஒளி பட்டதும் நீட்சி தளர்கிறது, இலை விரிகிறது, பசுமை தோன்றுகிறது. முளைப்பாரி அறையில் ஒளி மறுக்கப்படுவதால் முதற் கட்டமே நீடிக்கிறது.

இதன் காரணத்தை ஆய்வுகூடங்கள் படிப்படியாகவே கண்டறிந்தன. 1880இல் சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல்முளைகளின் நுனியை மூடி வைத்தபோது அவை ஒளியை நோக்கி வளையாமையைக் கண்டனர். நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டல் கீழே செல்கிறது என அவர்கள் முடிவு செய்தனர். 1920களின் பிற்பகுதியில் ஒல்லாந்தின் யூத்ரெக்ற் நகரில் பிரிற்ஸ் வெந்த், ஓட்ஸ் முளையின் நுனிகளை அகார்க் கட்டிகள்மீது வைத்து அத்தூண்டலைப் பிரித்தெடுத்தார். ஒட்சின் எனப் பெயர் பெற்ற அந்த ஓமோன் ஒளி படாத பக்கத்தில் மிகுவதால் அப்பக்கம் கூடுதலாக நீள்கிறது; முளை ஒளியை நோக்கி வளைகிறது. 1952இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்விலில் போர்த்விக், ஹென்றிக்ஸ் குழுவினர், செவ்வொளி லெற்றியூஸ் விதையின் முளைத்தலைத் தூண்டுவதையும் சேய்மைச் செவ்வொளி அதனைத் தடுப்பதையும் காட்டினர். ஒளியை உணரும் அந்நிறப்பொருள் பின்னர் பைற்றோகுரோம் எனப்பட்டது. ஒளி அடையாளம் தருகிறது, ஓமோன்கள் அதற்கேற்ப வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

இவ்வறிவு குடியேற்ற நாட்டு வேளாண்மையுடனும் தொடர்புடையது. தண்டை நீட்டும் கிபரலின் பற்றிய ஆய்வு, யப்பானிய ஆட்சியின் கீழிருந்த தாய்வானில் அளவுமீறி நெடிது வளர்ந்த நோயுற்ற நெல் நாற்றுகளை 1926இல் குரோசாவா ஆராய்ந்ததிலிருந்து தொடங்கிற்று. வெந்த் பின்னர் ஒல்லாந்தரின் யாவாவிலுள்ள தாவரவியற் பூங்காவிற் பணியாற்றினார். வேர் தோன்றச் செய்யும் பொருள் பற்றி 1929இல் எழுதினார். ஒட்சின் வேர்விடுதலைத் தூண்டுமென்பது 1930களின் நடுப்பகுதியில் உறுதியாயிற்று.

இலங்கையில் தேயிலை தொடக்கத்தில் விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கலாயிற்று. தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் தண்டுத்துண்டிலிருந்து கன்று வளர்க்கும் முறை அங்கு செம்மைப்படுத்தப்பட்டது. 1950களின் இறுதியிலிருந்து மீள்நடுகைக்கு அரச மானியமும் கிடைத்தது. 'வீ.பி. தேயிலை' எனத் தோட்டங்களில் வழங்குவது இதுவே.

தோட்டத்தார் தவறணை எனும் நாற்றுமேடையில் நிகழ்வதை நோக்குவோம். ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் அமைந்த சிறு துண்டைத் தொழிலாளி வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நடுகிறார். இலையையும் மொட்டையும் காயப்படுத்தலாகாது. ஏனெனில் உணவும் ஒட்சினும் மேலிருந்து கீழிறங்கி வெட்டுமுனையிற் சேர்ந்தே வேர் தோன்றுகிறது. துண்டைத் தலைகீழாக நட்டால் பயனில்லை. வெயில் மிகுந்தால் வேர்விடுமுன் இலை வாடும். நிழல் மிகுந்தால் கன்று மெலிந்து நெடிதாகும். ஆகவே வேர்விட்ட பின் பந்தலின் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஏறத்தாழ ஓராண்டில் கன்றை வெயிலுக்குப் பழக்குவர். எந்நாளில் எவ்வளவு நிழலை நீக்குவது என்பதற்கு எழுதிய விதி உண்டு. ஆனால் அன்றைய மழையையும் இலையின் நிறத்தையும் பார்த்து அவ்விதியை நடைமுறையாக்குவது தொழிலாளியின் கண்ணும் கையுமே.

முளைப்பாரி வளர்த்த பெண்கள் ஒட்சினைக் கண்டறிந்தனர் என்று நாம் வாதிடவில்லை. அவ்வாறு கூறுவது பழம்பெருமை பேசுவதாகவே முடியும். செய்முறை அறிவு வேறு; காரணத்தைப் பிரித்தறியும் விஞ்ஞானம் வேறு. ஆனால் முன்னையது இன்றிப் பின்னையது வயலை அடைவதில்லை. ஒன்றுக்கு நூலும் ஆசிரியர் பெயரும் உண்டு. மற்றதற்கு நாட்கூலி மட்டுமே கிடைத்தது.

இங்கு ஆண்டுகளை ஒப்பிடுதல் அவசியம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வீ.பி. தேயிலை மலைகளிற் பரவியதும் இக்காலத்திலேயே. வெட்டிய துண்டுக்கு வேர் பிடிக்கும்வரை நிழலும் நீரும் அளித்தவர்களுள் பலர், தாம் பிறந்த மண்ணிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமைக்கு வழி செய்தது. எனினும் லயங்களில் வாழ்வோரிற் பலருக்கு இருக்கும் மண்ணின்மீது உரிமை இன்னும் கிட்டவில்லை.

தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் வாழ்வது. ஒப்பந்த காலத்தில் நடப்பட்ட செடிகளிற் பல இன்றும் கொழுந்து தருகின்றன. அவற்றை நட்ட தலைமுறையினர் அருகி வருகின்றனர். தவறணையில் அவர்கள் கற்றதையும் கற்பித்ததையும் அவர்தம் வாய்மொழியிலேயே பதிவு செய்வது தமிழாய்வாளரின் உடனடிக் கடமையாகும். ஓப்பநாயக்க போன்ற சிற்றூர்களிலிருந்து அப்பணி தொடங்குதல் தகும். உழைப்பவரையும் அறிவுடையோராக ஏற்கும் வரலாறே, அவர் உழைத்த நிலத்தில் அவருக்குள்ள உரிமையையும் தெளிவாகக் காட்ட வல்லது என்பது எமது துணிபு.