இளைஞர் முகாமுக்குத் துணித்தூளி: குறைந்த செலவில் நாமே தைப்போம்

மதரஸா விடுமுறை வந்துவிட்டால் மஹல்லா இளைஞர்களை ஓரிரு நாள் தோப்பில் தங்க வைக்க வேண்டும் என்ற பேச்சு எழும். உடனே அடுத்த கேள்வியும் வரும்: இரவில் எங்கே படுப்பது? கூடாரம் வாங்க வசதி இல்லை. வெறும் தரையில் பாய் விரிக்கலாமே என்பார்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் அது நல்ல யோசனை அல்ல. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களையே அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாததால், தூங்குபவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போவதுண்டு.

இரவில் பயணத்தை நிறுத்தித் தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள்; அது இரவில் விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் வழி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இடத்தைப் பார்த்துப் படுப்பது மார்க்கம் கற்றுத்தரும் ஒழுங்கு. தரையை விட்டு முழங்கால் உயரம் மேலே படுக்க நமக்குத் தெரிந்த மலிவான வழி தூளி.

தூளி நமக்குப் புதிதல்ல

அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டித் தூங்காத பிள்ளை நம் பகுதியில் குறைவு. அதையே பெரியவர் படுக்கும் அளவுக்கு நீட்டினால் அதுதான் 'ஹேமக்'. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் பயன்படுத்தியதை 1492-இல் அங்கே சென்ற கொலம்பஸின் குழுவினர் கண்டனர். பிறகு அது ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையாகவே மாறியது.

துணியும் தையலும்

ஒருவருக்கு 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கெட்டியான புதிய துணி வேண்டும். விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைகளில் காடா துணி கேட்டால் கிடைக்கும். புதிய பருத்திப் புடவை இருந்தால், ஐந்தரை மீட்டரை இரண்டாக மடித்து 2.75 மீட்டர் நீளத்தில் இரட்டைத் துணியாகவும் தைக்கலாம். இது அகலம் குறைவு என்பதால் சிறுவர்களுக்குப் பொருந்தும். பழைய புடவை வேண்டாம். குழந்தையின் எடையைத் தாங்கிய துணி இருபது வயது இளைஞனைத் தாங்காது. நாம் முதன்முதலில் கட்டிய தூளி நள்ளிரவில் நடுவே கிழிந்தது, பழைய துணியில் சிக்கனம் பார்த்ததால்தான். முழங்கால் உயரத்தில் கட்டியிருந்ததால் அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் அடிபடவில்லை.

நீளவாக்கில் இரு ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். இரு முனைகளிலும் 7 செ.மீ. அளவு மடித்து, பாவாடை நாடா கோர்க்கும் பட்டிபோல் தையுங்கள். அந்தப் பட்டிக்கு ஒரு வரித் தையல் போதாது. பாலியஸ்டர் நூலில் மூன்று வரி ஓட்டுங்கள். புதுமண்டபத்தில் தலைமுறைகளாகத் தையல் தொழில் செய்தவர்களில் நம் சமுதாயத்தவரும் பலர். மஹல்லாவில் தையல் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து இளைஞர்களுக்குக் கற்றுத்தரச் சொன்னால் கூலியும் மிச்சம், ஒரு கைத்தொழிலும் கைவரும்.

கயிறும் கோணமும்

பட்டிக்குள் 8 மி.மீ. நைலான் கயிற்றைக் கோர்த்துச் சுருக்கி வளையமாக முடியுங்கள். தென்னங்கயிறு, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு இரண்டும் கூடாது. மரத்தைச் சுற்ற, லாரியில் சரக்கு கட்டும் அகலமான பெல்ட் நாடா நல்லது. அது பட்டையை அறுக்காது.

அடுத்தது கோணம். பலர் தூளியைக் கட்டில்போல் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் தாங்கும் இழுவிசை 60 கிலோ. 10 டிகிரியாக இறுக்கினால் அது சுமார் 173 கிலோ. 5 டிகிரி என்றால் சுமார் 344 கிலோ! எடை கூடவில்லை, இறுக்கம்தான் சுமையைப் பெருக்குகிறது.

கோணத்தை ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை. தூளியின் இரு முனைகளுக்கும் நடுவே சுமார் 2.35 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றை மேலே நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள் (புடவைத் தூளிக்கு 2.15 மீட்டர்). தூளியின் தொய்வு எப்போதும் ஒரே அளவில் நிற்கும். கொசுவலை போடவும் அதே கயிறு உதவும். மரங்களின் இடைவெளி 4 மீட்டர் என்றால் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலும், 5 மீட்டர் என்றால் 1.8 மீட்டர் உயரத்திலும் நாடாவைக் கட்டினால், உட்காரும் இடம் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் அமையும். நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது.

எதில் கட்டக்கூடாது

உயிருள்ள, தொடையைவிடப் பருமனான வேம்பு, புளி, புங்கன் நல்லவை. முருங்கை எளிதில் முறியும். தென்னையின் கீழ் காயும் மட்டையும் விழும். பட்டமரம், செங்கல் தூண், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் ஆகியவற்றில் கட்டவே கூடாது. பக்கவாட்டு இழுவையில் தூண் சரிந்து படுத்திருப்பவர் மேலேயே விழும்.

இடமும் முக்கியம். அழகர்மலை, சிறுமலை போன்றவை வனத்துறையின் காப்புக்காடுகள். அனுமதியின்றித் தங்க முடியாது. மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கும் முகாம் வேண்டாம். தெரிந்தவரின் தோப்பில், அவர் சம்மதத்துடன் தங்குவதே நலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதன் பிறகு ஜனவரி, பிப்ரவரி இரவுகள் இதமானவை.

படுப்பதற்கு முன் சோதனை

தூளியைத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் ஆறு வையுங்கள். 120 கிலோ ஆகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தையலையும் முடிச்சையும் பாருங்கள். நூல் விலகியிருந்தால் அந்தத் தூளியை ஒதுக்கிவிடுங்கள். மேலும் சில விதிகள்:

- ஒரு தூளியில் ஒருவர் மட்டும். நிற்பதும் ஆட்டுவதும் இல்லை.
- சிறுவர்களைத் தனியே விடாதீர்கள். தூளியில் முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தில் சுற்றிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் நம் மாநிலத்திலேயே வந்துள்ளன. பயன்படுத்தாதபோது அவிழ்த்து வையுங்கள்.
- கொசுவலையின் ஓரங்களைத் தூளிக்கு அடியில் சேர்த்துக் கட்டுங்கள். செருப்பை உதறிப் பார்த்து அணியுங்கள். இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் காலை ஊன்றாதீர்கள்.
- பாம்பு கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிக்கக் காத்திருப்பது எதுவும் வேண்டாம்.

தடுப்பு இல்லாத மாடியில் இரவில் உறங்குபவரைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. தவக்குல் என்பது காப்பைக் கைவிடுவதல்ல என்பதை அது உணர்த்துகிறது. துணியின் விலையிலும் தையல் கூலியிலும் சிக்கனம் பார்க்கலாம். கயிற்றிலும் சோதனையிலும் கூடாது. பெற்றோர் நம்மை நம்பி அனுப்பும் பிள்ளைகள் அமானிதம். அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.