நன்மை செய்யும் பூச்சிகளை ஈர்த்தல்

நன்மை செய்யும் பூச்சிகளை ஈர்த்தல் என்பது, பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை அழிக்கும் பிற பூச்சிகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்து, அவற்றைத் தோட்டத்திலேயே தங்கச் செய்யும் முறையாகும். இது உயிரியல் கட்டுப்பாட்டின் ஒரு வகை. ஆய்வகத்தில் வளர்த்த பூச்சிகளை வயலில் விடும் முறையைப் போலன்றி, இதில் சுற்றுப்புறத்தில் ஏற்கெனவே உள்ள பூச்சிகளே பயன்படுகின்றன.

முக்கிய பூச்சிகள்

* பொறிவண்டு: புழு, வண்டு ஆகிய இரு பருவங்களிலும் அசுவினியை உண்ணும். நீண்ட, கருநிறப் புழு வண்டை ஒத்திராததால் தவறாக அழிக்கப்படுவதுண்டு.
* பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி: மெல்லிய காம்பின் நுனியில் முட்டையிடும். இதன் புழு அசுவினியின் உடற்சாற்றை உறிஞ்சும்.
* சிர்பிட் ஈ: குளவி போன்ற கோடுகளுடன் பூவருகே அந்தரத்தில் நிற்கும். இதன் பல இனங்களின் புழுக்கள் அசுவினியை உண்கின்றன.
* ஒட்டுண்ணிக் குளவிகள்: டிரைக்கோகிரம்மா, அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும். வேறு சில அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும். இலையில் உப்பிப் பழுப்பாக ஒட்டியிருக்கும் அசுவினிகளுக்குள் இக்குளவிகள் வளர்வதால் அவற்றை அகற்றக் கூடாது.

பூக்களின் பங்கு

சிர்பிட் ஈ, ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றின் புழுக்கள் பிற பூச்சிகளை உண்டாலும், வளர்ந்தவை பெரிதும் தேனையும் மகரந்தத்தையும் நம்பியுள்ளன. எனவே பூக்களற்ற தோட்டத்தில் இரை மிகுந்திருந்தாலும் இவை நிலைப்பதில்லை. இவற்றின் வாயுறுப்புகள் சிறியவை; ஆகவே தேன் எளிதில் எட்டும் சிறு பூக்களே ஏற்றவை. கொத்தமல்லி, சோம்பு ஆகியவற்றில் சில செடிகளை அறுவடை செய்யாது பூக்க விடலாம். தட்டைப்பயறு பூவிற்கு வெளியிலும் தேன் சுரக்கும். அதில் தோன்றும் அசுவினி பொறிவண்டுகளுக்கு இரையாகும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்குமாறு இடைவெளி விட்டு விதைப்பது நல்லது.

பூச்சிக்கொல்லியின் விளைவு

பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் இருசாராரையும் கொல்கின்றன. பின்னர், தடுக்க எதிரிகள் இல்லாததால் பயிரைத் தாக்கும் பூச்சி முன்னிலும் பெருகக்கூடும். இந்தோனேசிய நெல்வயல்களில் புகையான் இவ்வாறு பெருகியதால், 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் நெல்வயல்களைச் சுற்றித் தேன் சுரக்கும் செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. அவ்வயல்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 70% குறைந்தது. விளைச்சல் 5% கூடியது.

வரம்புகள்

இரை பெருகிய பின்னரே இரைவிழுங்கிகள் பெருகும் என்பதால் பலன் உடனடியாகத் தெரியாது. இரை முற்றிலும் அற்றுப்போனால் அவையும் வெளியேறிவிடும். ஆதலால் சிறிதளவு சேதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் இரைவிழுங்கிகளை விரட்டுவதால், செடிகளில் எறும்பு ஏறாமல் தடுப்பதும் இம்முறையின் ஒரு பகுதியாகும்.