உச்சியில இருக்கறது மட்டும் போதும்: ஹீப்பின் கதை

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு தோல்வியிலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

காலேஜ் முடிச்ச வருஷம். ஒரு கம்பெனி இண்டர்வியூல புதிர் ஒண்ணு கொடுத்தாங்க. அஞ்சு கற்கள், எடை 9, 7, 4, 3, 2. இருக்கறதுலயே பெரிய ரெண்டை எடுத்து மோத விடணும். சமம்னா ரெண்டும் காலி. இல்லைன்னா வித்தியாசம் மட்டும் திரும்ப குவியலுக்குப் போகும். கடைசியில என்ன மிஞ்சும்?

9-ம் 7-ம் மோதினா 2. 4-ம் 3-ம் மோதினா 1. ரெண்டு 2-ம் காலி. மிச்சம் 1.

நான் ஒவ்வொரு மோதலுக்கு அப்புறமும் மொத்தப் பட்டியலையும் திரும்ப சார்ட் பண்ணேன். விடை சரி. "லட்சம் கல் இருந்தா?"ன்னு கேட்டாங்க. என் புரோகிராம் முடியவே இல்லை. "உங்களுக்குப் பெரிய ரெண்டுதானே வேணும்? முழு வரிசை எதுக்கு?" என்கிட்ட பதில் இல்லை.

பதில் 1964-லயே வந்தாச்சு. இங்கிலாந்தில் கணினி தயாரித்த எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ். குயிக்சார்ட்டை 1961-ல் வெளியிட்ட டோனி ஹோரும் அதே நிறுவனத்துக்காரர்தான். வில்லியம்ஸ் அந்த ஜூன் மாதம், ஏ.சி.எம். இதழில் 'அல்காரிதம் 232' என்ற எண்ணில் ஹீப்சார்ட்டை வெளியிட்டார்.

அவர் யோசனை இதுதான். பட்டியலையே ஒரு மரமா பாருங்க. முதல் இடம் உச்சி. i-வது இடத்தோட பிள்ளைகள் 2i, 2i+1. தனியா முகவரி எதுவும் சேமிக்க வேண்டாம். நம்ம புதிருக்கு ஒரே விதி: பெற்றோர் பிள்ளையைவிட சின்னதா இருக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள்ள யார் பெரிசுன்னு கவலையே இல்லை! உச்சியை எடுத்தா, கடைசி ஆளை அங்க வெச்சு, சரியான இடம் வரைக்கும் கீழே இறக்கினா போதும். லட்சம் கல்லுக்கும் சுமார் 17 படிதான்.

அதே வருஷம் டிசம்பரில், அமெரிக்கரான ராபர்ட் ஃபிளாய்ட், ஹீப்பைக் கீழிருந்து மேலாகக் கட்டும் இன்னும் வேகமான வழியைக் காட்டினார். 1978-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இன்னைக்கு மேப்ல வழி தேடுறதுலயும் இதே சங்கதி உண்டு. அங்க உச்சியில இருக்கறது ரொம்பக் கிட்ட இருக்கற இடம்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கல. ஆனா இப்பவும் சார்ட்னு டைப் பண்ண கை போகும்போது, அந்தக் கேள்வி காதுல விழும்: முழு வரிசை எதுக்கு?