மொழி மாற்றிய 51 பக்கங்கள்

அடுப்பு வீட்டுக்கு வருமுன் சமையல் குறிப்பு வந்து சேர்ந்தால் நாம் என்ன செய்வோம்? ஓர் ஓரமாக வைத்துவிடுவோம். 1956-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அப்படி ஒரு புத்தகம் வெளியானது. 'ஃபோர்ட்ரான்' என்னும் புதிய கணினி மொழிக்கு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கையேடு அது. மொத்தம் 51 பக்கம்தான். அந்த மொழியைக் கணினி புரிந்துகொள்வதற்கான ஏற்பாடு வந்து சேர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

பழைய முறை எப்படி என்று பார்ப்போம். கணினிக்கு வேலையை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிசைக்கு நிரல் என்று பெயர். ஐ.பி.எம். 704 என்ற கணினியில் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால், முதல் எண்ணை எடு, அடுத்ததைச் சேர், விடையைக் கொண்டுபோய் வை என்று மூன்று கட்டளைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. கூட்டலுக்கே இந்தப் பாடு என்றால் பெரிய கணக்குக்கு எத்தனை நூறு வரி! இதில் தேறியவர்கள் சிலரே. கணக்கு பொறியாளருடையது; ஆனால் அவர் இவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். தங்கள் கைவேலைக்கு ஈடாக எந்த இயந்திரமும் கட்டளை எழுதிவிடாது என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிழைப்பைப் பற்றிய கவலையும் இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1953-ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் பேக்கஸ் என்பவர் இதை மாற்ற வேண்டும் என்று நிறுவனத்தில் யோசனை சொன்னார். கணினியை இயக்கும் செலவில் முக்கால் பங்கு வரை நிரல் எழுதுவதற்கும் பிழை திருத்துவதற்குமே போய்விடுகிறது என்பது அவர் கணக்கு. யோசனை ஏற்கப்பட்டது. ஒரு சிறு குழு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

கையேட்டை உருவாக்கியதில் அந்தக் குழுவைச் சேர்ந்த டேவிட் சேயருக்குப் பெரும்பங்கு உண்டு. மொழியில் இருந்தவை 32 வகைக் கூற்றுகள். கூற்றின் பொது வடிவம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும், பக்கத்திலேயே உதாரணம், கீழே விளக்கம். 'டூ' என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். ஒரே வேலையை ஒன்று முதல் பத்து வரை திரும்பச் செய் என்று அது ஒரே வரியில் சொல்லிவிடும். முதல் மரத்தை வெட்டு, இரண்டாம் மரத்தை வெட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல், இந்த நிரை முழுவதும் வெட்டு என்று சொல்வது போல!

பழைய மொழியில் கைதேர்ந்தவருக்கு இந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் தேவை இல்லை. தமக்கு வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும்; அதைப் புது மொழியில் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் தெரியாது. அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும். ஆனால் கணினியையே அறியாத ஒருவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? பார்வை நூல் அவருக்கு உதவாது. அவருக்காக 1957-இல் கிரேஸ் மிட்செல் என்பவர் தனியாக ஒரு தொடக்கப் பாடநூல் எழுதினார்.

1957 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த பெட்டிஸ் அணு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே துளையிட்ட அட்டைகள், ஏறத்தாழ 2,000. இன்னதென்று ஒரு குறிப்பும் இல்லை. இதுதான் ஃபோர்ட்ரானாக இருக்கும் என்று அங்கிருந்தவர்கள் ஊகித்தார்கள். அட்டைகளைக் கணினிக்குள் செலுத்தி, புது மொழியில் எழுதிய ஒரு சோதனை நிரலையும் கொடுத்தார்கள். விடை வரவில்லை. ஓரிடத்தில் காற்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று இயந்திரம் அச்சடித்துக் காட்டியது. பார்த்தார்கள், விடுபட்டுத்தான் இருந்தது. அந்தப் புள்ளியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார்கள். விடைகள் அச்சாகி வந்தன.