எம்டன் விட்டுப்போன வெள்ளிக் காசுகள்

  கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

காரியத்தில் கெட்டிக்காரனை "அவன் சரியான எம்டன்" என்கிறோம். அந்தச் சொல் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணி அளவில் அது சென்னைக் கடலில் வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு பட்டு உயிர்கள் போயின. அரை மணி நேரத்துக்குள் எம்டன் இருளில் மறைந்துவிட்டது. பீதியில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். அன்று விழுந்த குண்டின் துண்டு ஒன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதிலில் நினைவுக் கல்லும் உண்டு. சென்னை போகும்போது பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அதற்குப் பின் எம்டனுக்கு என்ன ஆயிற்று என்பது பலருக்குத் தெரியாது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை மடக்கியது. கப்பல் மூழ்கிவிடக் கூடாதே என்று தளபதி கார்ல் ஃபான் முல்லர் அதைப் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்தினார். 130 பேருக்கு மேல் மாண்டார்கள்.

உடைந்த கப்பலில் இருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மெக்சிகோ வெள்ளிக் காசுகளை எடுத்தார்கள். ஜெர்மானியக் கப்பலில் மெக்சிகோ காசு எப்படி வந்தது? எம்டனின் தாய்த் துறைமுகம் சீனாவின் சிங்தாவ். அக்காலத்தில் சீனக் கடற்கரை வாணிகத்தில் செல்லுபடியானது மெக்சிகோ வெள்ளிதான். ஒரு காசு மூன்று கண்டங்களின் கதையைச் சொல்கிறது பாருங்கள்! அவற்றில் ஆயிரம் காசுகளுக்குச் சிட்னி நகரக் கடை ஒன்று வளையம் பூட்டி, இரு கப்பல்களின் பெயரும் போர் நடந்த நாளும் பொறித்துப் பதக்கமாக்கியது. சிட்னி கப்பலின் வீரர்களுக்கு அவை வழங்கப்பட்டன. எம்டனின் பீரங்கி ஒன்று 1917 முதல் சிட்னி ஹைட் பூங்காவில் நிற்கிறது. மிச்சமிருந்த இரும்பில் பெரும்பகுதியை 1950களில் ஜப்பானிய நிறுவனம் உடைத்து எடுத்துச் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காசும் பீரங்கியும் எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டன என்று பதிவு இருக்கிறது. அதனால் அவை வரலாறு. எடைக்குப் போன இரும்பு பேசுமா? பதிவு இல்லாத இடத்தில் கட்டுக்கதை புகுந்துவிடும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று இன்றும் மேடையில் பேசுகிறோம். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார் என்பதே ஆவணங்கள் காட்டும் செய்தி. அவருடைய தியாகத்துக்கு இந்தக் கதையின் துணை தேவையே இல்லை.

மலேசியாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதை அவசியம் படிக்க வேண்டும். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பிரிட்டிஷ் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். 2002இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை, அரசு அனுமதியோடும் உயிர் பிழைத்த வீரர்களின் சம்மதத்தோடும் மேலே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அது முறையான செயல். அதே கப்பல்களைத்தான் திருட்டு இரும்புக்காரர்கள் பெயர்த்து எடுத்தார்கள். 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் பிடித்த சீனக் கப்பல் ஒன்றில் பழைய இரும்போடு போர்க்காலக் குண்டுகளும் கிடைத்தன. ஜாவாக் கடலில் 1942இல் மூழ்கிய இரண்டு டச்சுப் போர்க்கப்பல்கள், 2016இல் போய்ப் பார்த்தபோது கடல்தரையில் இல்லவே இல்லை. பள்ளம் மட்டும்தான் இருந்தது.

ஏன் இந்த ஆசை? வெண்கலச் சுழலிகளுக்கு நல்ல விலை உண்டு. இன்னொன்று அறிவியல். 1945க்குப் பிறகு அணுகுண்டு வெடிப்புகளால் காற்றில் கலந்த கதிரியக்கத் துகள்கள், உருக்கும் எஃகிலும் சேர்ந்தன. நுண்ணிய அளவுக் கருவிகளுக்கு அதற்கு முந்தைய எஃகே உகந்தது என்பதால் பழைய கப்பல் எஃகுக்கு மதிப்பு கூடியது. ஆனால் அந்தக் கப்பல்களுக்குள் மனிதர்கள் கிடக்கிறார்கள். அவை கல்லறைகள். சுடுகாட்டில் கம்பி பிடுங்கி விற்பதை நாம் ஏற்போமா?

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் குடவோலை முறையை வெட்டி வைத்தார்கள். பிறர் பொருளைக் கவர்ந்தவன் வாரியத்துக்கு ஆகான் என்று அதில் இருக்கிறது. அந்தக் கல் அதே இடத்தில் இருப்பதால்தான் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் உத்திரமேரூர் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. யாராவது பெயர்த்து விற்றிருந்தால் அது யார் வீட்டு அலங்காரமோ!

ஆகவே, வெளிநாட்டில் கடலுக்குள் முக்குளிக்கும் பிள்ளைகளே, கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள், கை வைக்காதீர்கள். போர்க்காலக் குண்டு இன்றும் வெடிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். யாராவது "கப்பலில் எடுத்தது" என்று விற்க வந்தால், எந்தக் கப்பல், யார் அனுமதி என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பதக்கமோ, பட்டாளத்துக் கடிதமோ இருந்தால், அது யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.