கருப்பண்ணசாமி காவலில் சமணர்

உத்தமபாளையத்துக்காரர்களிடம் கருப்பண்ணசாமி பாறை எது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். அங்கே சமணச் சிற்பங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். இரண்டும் ஒரே இடம்தான். சின்ன வயதில் எங்களுக்கும் அது கருப்பன் கோயில், அவ்வளவுதான். பின்னால் பாறையில் வரிசையாக நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் யார் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அவர்கள் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர். முக்குடையின் கீழ் அமர்ந்திருப்பவர்களும் உண்டு. அடியில் வட்டெழுத்தில், சிலையைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அவற்றில் ஒன்று அச்சணந்தி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாடெங்கும் அலைந்து திரிந்த துறவி இவர். ஆனைமலை, அழகர்மலை, பழனிப் பக்கம் ஐவர்மலை என்று போன இடமெல்லாம் பாறையில் இவர் பெயர் இருக்கிறது. மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர்மலையில் இவருடைய தாயார் குணமதியார் செய்வித்த சிலையும் உண்டு. துறவியின் தாய் என்றே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்திருக்கும்தானே!

இவ்வளவு தள்ளி நம்ம பக்கம் அவருக்கு என்ன வேலை? கூடலூர், குமுளி வழியாக மலைநாட்டுக்குப் போகும் பாதை இது. மிளகு வந்த வழி. வணிகர்கள் இருக்கும் இடத்தில் சமணர்களுக்குச் சோறும் ஆதரவும் கிடைத்தன. திருக்குணகிரி என்று பெயர் வைத்து, தேவருக்கு விளக்கெரிக்கப் பாண்டியர் காலத்தில் காசு வைத்திருக்கிறார்கள்.

சமணர் போய்விட்டார்கள், பேச்சில் அவர்கள் வார்த்தை நின்றுவிட்டது. அவர்கள் தங்கிப் பாடம் சொன்ன இடத்துக்குப் பெயர் பள்ளி. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், பாளையத்து ராவுத்தர்மார் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார்கள். யாருக்கும் அச்சணந்தி நினைவு வருவதில்லை. அமணர் என்பதுதான் அம்மணம் ஆனது என்றும் சொல்வார்கள். அது அவ்வளவு மரியாதையான நினைவு இல்லை.

எறும்புக்கும் வலிக்கக் கூடாது என்றவர்களின் காலடியில் அரிவாள் ஏந்தும் கருப்பன் வந்து உட்கார்ந்தது பொருத்தமில்லை என்று படித்தவர்கள் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரைப் பக்கம் கீழவளவில் சமணர் குன்றைச் சுற்றியே கிரானைட் குவாரி வெட்டினார்கள். இங்கே வெடி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கருப்பன் சும்மா விடுவாரா?

கும்பிடப் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். எண்ணெயும் சூடமும் கருப்பனோடு நிற்கட்டும். பாறை எழுத்தில் கரி ஏறினால் பிறகு எழுத்துத் தெரிந்தவர் வந்தாலும் படிக்க முடியாது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பாம்புப் படத்தைத் தேடச் சொல்லுங்கள், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது கோடுகள் நன்றாகத் தெரியும்.