ஊசியா, மாத்திரையா? ஸ்ட்ரெப்டோமைசின் சொன்ன பாடம்

கோடை முடிஞ்சு முதல் மழை விழுந்ததும், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசக்காட்டிலிருந்து ஒரு மண்வாசம் கிளம்பும். அதற்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசினும் இதே குடும்பம் கொடுத்ததுதான். 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், எரு போட்ட வயல் மண்ணிலிருந்து அதைக் கண்டெடுத்தார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது தனிக்கதை.

இது எப்படி வேலை செய்யுது? செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரம் ரைபோசோம். மரபணுச் செய்தியை மூணு மூணு எழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோக்கும். வந்தது சரியான ஆள்தானா என்று சோதிப்பது அதன் சிறிய பாதி. ஸ்ட்ரெப்டோமைசின் அங்கே போய் உட்கார்ந்து அந்தச் சோதனையைத் தளர்த்திவிடும். நம்ம மொழியில் சொன்னா, புரோகிராம் உடனே நிற்காது. தப்பான இன்புட்டையும் சரின்னு வாங்கிக்கும். கோணல் புரதங்கள் சேர்ந்து பாக்டீரியா சாகும். நம் செல்களின் ரைபோசோம் அமைப்பு வேறு என்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். ஆனாலும் காது கேளாமை, தலைச்சுற்றல் வரலாம்.

மருந்து சரியாக எங்கே உட்காருகிறது என்பதை அணு அணுவாகக் காட்டியது 2000இல் கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனின் குழு. சிதம்பரத்தில் பிறந்தவர், ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்தப் படம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மருத்துவர்கள் ஒரு சிக்கலைப் பார்த்துவிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தால் நோயாளி தேறுவார். சில மாதத்தில் மருந்து கேட்காமல் போகும். பாக்டீரியாவின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். அதனால் இன்னொரு மருந்தும் சேர வேண்டும். நடுவில் நிறுத்தவும் கூடாது.

அடுத்த கட்டம் சென்னையில். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959இல் அது காட்டியது. சரி, வீட்டுக்கு அனுப்பிய மாத்திரையை விழுங்கினாரா என்று யார் பார்ப்பது?

1964இல் வந்த அதன் இன்னொரு ஆய்வில் விடை கிடைத்தது. ஒரு பிரிவினர் தினமும் வீட்டில் இரண்டு மருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் வாரம் இரண்டு முறை மையத்துக்கு வந்து, ஊழியர் கண் முன்னால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட் மாத்திரையும் எடுத்தார்கள். வாரம் இரண்டு நாள் மருந்து, தினசரி மருந்துக்குச் சளைக்கவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசினைக் குடல் உறிஞ்சாது. ஊசியாகத்தான் போட்டாக வேண்டும். அதன் பெரிய குறை அது. சென்னையில் அந்தக் குறையே காவலாக மாறியது: ஊசி போட ஆள் வந்தே ஆகணும், வந்தால் மாத்திரையும் உள்ளே போகும். பின்னாளில் உலகமெங்கும் பரவிய, கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறைக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது.

இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரைதான். முதல் வரிசையில் ஸ்ட்ரெப்டோமைசின் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், தறிக்கோ காட்டு வேலைக்கோ போகிறவருக்கு மாத்திரை எதுக்குன்னு தோணும். அவருக்குத் தேவை அதட்டல் இல்லை. ஒருநாள் கூலியை விடாமல், கூப்பிடு தூரத்தில் மருந்து கிடைக்க வேண்டும்.